சங்கக்கடையின் பின்யன்னல்

சோலோதுர்ன்
15.09.1987

தம்பி தயாநிதிக்கு,

நலம் விசாரித்துத் தொடங்கவேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். சுகமில்லாதவன் தொலைபேசியை எடுத்து, என் குரலைக் கேட்டதும் "தயாநிதி இஞ்சை இல்லை" என்று தன்னுடைய சொந்தக் குரலிலேயே சொல்லிவிட்டு வைக்கமாட்டான்.

நேற்றுத் திங்களும் நீ கடைக்கு வரவில்லை. ஹோட்டல் குசினியில் வேலை செய்கிற எங்கடை பெடியள் எல்லோருக்கும் திங்கள்தான் ஓய்வு என்று சொல்லி, திங்களைக் கடைநாள் ஆக்கியவன் நீ. லுசேர்ணில் ரயிலேறி, ஓல்டனில் மாறி, எல்லோருக்கும் முதல் வந்து, கதவைத் திறந்து தராசைத் துடைத்து வைக்கிறவனும் நீ. இப்போது வரதராசா நிறுக்கிறார். அந்தாள் நிறுக்கிறதைப் பார்த்தால் ஐயர் விபூதி கொடுக்கிற மாதிரி இருக்கிறது. தெரியாதவனுக்கு ஒரு சிட்டிகை, தெரிந்தவனுக்கு ஒரு பிடி.

மிளகாய் வறுக்கவும் ஆள் இல்லை. நானே சட்டியை வைத்தேன், கருகிப்போனது. மேல்மாடியிலிருந்து பீரி அம்மா இருமிக்கொண்டு இறங்கி வந்தா. வாடகை வாங்காமல் எங்களுக்கு இந்த அறையின் சாவியைத் தந்த மனுசியிடம் நான் என்ன சொல்ல? "எங்கே தயாநிதி? என்னுடைய தூள் முடிந்துவிட்டது" என்று கேட்டா. அவித்த உருளைக்கிழங்குக்கு மேல் யாழ்ப்பாணத்துத் தூளைத் தூவிச் சாப்பிடுகிற சுவிஸ்காரி இந்த நாட்டிலேயே அவ ஒருத்தியாகத்தான் இருப்பா. பல்லைக் காட்டிச் சமாளித்தேன்.

தம்பி, நான் ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தே தலை நரைத்தவன். ஒரு கடை எதனால் நிற்கும், எதனால் விழும் என்று எனக்குத் தெரியும். நான் செய்தது ஒரு சின்ன மாற்றம். உன்னைத் தராசிலிருந்து எடுத்து மூட்டை இறக்குகிற வேலைக்கு விட்டேன். நீ இளந்தாரி, முதுகில் பலம் இருக்கிறது. இதற்குப் போய் இவ்வளவு கொதியா?

அதுவும் இந்த அறையில் நின்றவன் கோபிக்கலாமா? பீரி அம்மாவிடம் கேட்டு வந்து எங்களுக்குக் கதை சொன்னவன் நீதானே. இந்த மலையில் இரும்புக்கல் கிண்டின காலத்தில் சுரங்கக் கொம்பனியே ஒரு கடையையும் வைத்து, ஒரு கையால் கொடுத்த கூலியை மறுகையால் பிடுங்கினதாம். தொழிலாளர் கூடித் தங்களுக்கென்று இந்தக் 'கொன்சூம்' கடையைத் திறந்தார்களாம். "அண்ணை, இது எங்கடை சங்கக்கடைதான்" என்று நீ துள்ளின துள்ளல் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சுவரில் அவர்கள் டொச் மொழியில் எழுதி வைத்திருந்ததை வாசித்துக் காட்டினாய். அல்லன் கிளைஹ் கெவோகன். நீ ஏணியைப் பிடிக்க, அதற்குக் கீழே நான் என் கையால் தமிழில் எழுதினேன்: எல்லோருக்கும் ஒரே நிறை.

வருகிற திங்கள் வா. வராவிட்டால் நானே லுசேர்ணுக்கு வந்து உன் குசினி வாசலில் நிற்பேன்.

உன் அண்ணை
குணசேகரம்


லுசேர்ண்
21.09.1987

குணசேகரம் அண்ணைக்கு,

வரவேண்டாம். குசினி வாசலில் குப்பை வாளிகள் வைத்திருக்கிறார்கள். நிற்க இடமில்லை.

இன்று திங்கள். வழக்கமாக ரயிலில் இருக்கிற நேரம். கட்டிலில் இருந்து எழுதுகிறேன்.

'சின்ன மாற்றம்' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் மறந்துவிட்டீர்களோ, அல்லது மறந்த மாதிரி எழுதினால் நானும் மறந்துபோவேன் என்று நினைத்தீர்களோ தெரியாது. எதற்கும் நடந்ததை எழுதுகிறேன்.

வரதராசா ரெனானில் இருந்தவர். உங்கள் பக்கம் வேலை கிடைத்து வந்தார். முதல்முறை கடைக்கு வந்தபோது நான்தான் அவருக்கு அரிசி நிறுத்தேன். "தம்பி எந்த ஊர்?" என்றார். சொன்னேன். "அட, எங்களுக்குப் பக்கத்து ஊரல்லோ" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். பிறகு கேட்டார்:

"ஊரிலை எவடம்?"

அண்ணை, வேறு யாராவது கேட்டால் எவடம் என்பது எவடம்தான். எங்கடை ஆள் கேட்டால் அது வேறு கேள்வி. பள்ளிக்கூடத்துக்கு இஞ்சாலையோ அங்காலையோ, குளத்துக்குக் கிழக்கோ மேற்கோ என்று தடவித் தடவிப் போய் சாதியில் கையை வைக்கிற கேள்வி. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பொய் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவேண்டும்? "குளத்தடி" என்றேன். அரிசிப் பையை வாங்கிக்கொண்டு, சிரிக்காமல் போனார்.

அடுத்த திங்கள் ஒருவரும் தூள் வாங்கவில்லை. தைத்து வந்த மூட்டை விற்றது. அடைத்து வந்த டின்மீன் விற்றது. நான் வறுத்து அரைத்த தூள் மட்டும் மேசையில் கிடந்தது. ஒருவருக்கு டொக்டர் உறைப்பைக் குறைக்கச் சொன்னாராம். இன்னொருவருக்கு அல்சராம். ஒரே கிழமையில் அவ்வளவு பேருக்கும் வயிற்றில் புண் வந்த அதிசயத்தை நான் உங்கள் கடையில்தான் கண்டேன். சிவகலா அக்கா மட்டும், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "எனக்கு ரெண்டு பை தாரும் தம்பி. இவையளுக்கு விசர்" என்று வாங்கிக்கொண்டு போனா.

அதற்கு அடுத்த திங்கள் நீங்கள் என் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனீர்கள். "தயா, நீ மூட்டையைப் பாரன். நிறுக்கிறதை வரதராசா பாக்கட்டும்" என்றீர்கள். கை தோளிலேயே இருந்தது. எவ்வளவு அன்பு.

ஒரே ஒரு கேள்வி. என் முதுகைப் பார்த்தா மூட்டையைத் தந்தீர்கள், என் குளத்தடியைப் பார்த்தா?

தயாநிதி


சோலோதுர்ன்
01.10.1987

தம்பி,

உன் கடிதத்தை வாசித்து எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நானா சாதி பார்க்கிறவன்? வந்த புதிதில் நீயும் நானும் ஒரே அறையில் படுத்தோம். ஒரே கோப்பையில் சோற்றைப் போட்டுக் குழைத்துச் சாப்பிட்டோம். எனக்குச் சாதியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்வேன்.

ஆனால் கடை என்பது நான் ஒருவன் மட்டுமில்லையே. வரதராசாவோடு ஏழெட்டுக் குடும்பம் சேர்ந்து நிற்கிறது. அவர்கள் விலகினால் மொத்த வியாபாரி எங்களுக்கென்று லொறி அனுப்பமாட்டான். பிறகு சூரிச்சில் ஒவ்வொரு பையாக, அவன் சொன்ன விலைக்கு வாங்கித் தின்னவேண்டியதுதான். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டாமல் சங்கக்கடை நடத்தின ஒரு மனேச்சரை எனக்குக் காட்டு, நான் அவன் காலில் விழுகிறேன்.

நேரத்தையும் பார். ஊரில் இந்தியன் ஆமி வந்து நிற்கிறது. யாருக்கு எப்போது என்ன நடக்கும் என்று தெரியாமல் ஒவ்வொருவரும் கடிதத்துக்குக் காத்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் இதைக் கிளறலாமா? ஆறப் போட்டால் ஆறும்.

இருந்தாலும் நான் சும்மா இருக்கவில்லை. மண்டையைப் போட்டு உடைத்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். பேர்ண் பக்கத்தில் உங்கட ஆக்கள் நாலைந்து பேர் இருக்கினமாம். அவர்களுக்கும் அரிசி தூள் வேண்டும்தானே. பின்பக்கத்தில், மிளகாய்ப் புகை போக நீ திறந்து வைக்கிற சின்ன யன்னல் இருக்கிறதல்லவா, அதனடியில் ஒரு மேசை போட்டுத் தருகிறேன். தனித் தராசும் வாங்கித் தருகிறேன். உன் தூள், உன் நிறுவை, உன் ராச்சியம். ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். உனக்கும் மரியாதை, கடைக்கும் பங்கமில்லை.

நல்லாய் யோசித்து எழுது.

குணசேகரம்


லுசேர்ண்
05.10.1987

அண்ணைக்கு,

'உங்கட ஆக்கள்.' அந்த இடத்தில் உங்கள் கை கொஞ்சம் நடுங்கியிருக்கிறதா என்று கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இல்லை. முத்து முத்தான எழுத்து.

அந்த யன்னல் புகை போக வைத்த யன்னல் இல்லை. பீரி அம்மா எனக்குச் சொன்ன கதையில் பாதியைத்தான் நான் உங்களுக்குச் சொன்னேன். மிச்சத்தைச் சொன்னால் எல்லோருடைய சந்தோசப் புழுகமும் கெட்டுப்போகும் என்று விட்டேன். இப்போது கேளுங்கள்.

கொம்பனியை எதிர்த்துக் கடை திறந்தார்கள், உண்மைதான். ஆனால் தங்களோடு அதே சுரங்கத்தில் கல்லுடைத்த இத்தாலியரை அந்தக் கடைக்குள் விடவில்லை. அவர்கள் மேல் வெள்ளைப்பூடு மணக்கிறதாம். இத்தாலியர் வீட்டுப் பெண்கள் பின்பக்கத்தில் பனிக்குள் நின்று, அந்த யன்னலால்தான் மாவும் எண்ணெயும் வாங்கினார்கள். பீரி அம்மாவின் தாய் அப்படி நின்ற ஒருத்தி. பிறகு ஒரு வேலைநிறுத்தம் வந்தது. இத்தாலியர் விட்டுக்கொடுக்காமல் கூட நின்றார்கள். அதற்குப் பிறகுதான் முன்கதவைத் திறந்துவிட்டு, வெட்கத்திலோ என்னவோ, சுவரில் அந்த வசனத்தை எழுதினார்களாம். கெவோகன் என்றால் நிறுத்தது என்றும் சொல்லலாம், மனம் வைத்தது என்றும் சொல்லலாம் என்று பீரி அம்மா சொன்னா. எல்லோருக்கும் ஒரே நிறை, எல்லோர் மேலும் ஒரே மனம். நீங்கள் தமிழில் எழுதினது முதல் பாதியை மட்டும்.

கதவு திறந்த பிறகும் அந்தத் தாய் சாகும்வரை அந்தக் கடைக்குள் கால் வைக்கவில்லையாம். மகளை உள்ளே அனுப்பிவிட்டு ரோட்டில் நிற்பாவாம். அந்த மகள்தான் இன்றைக்கு உங்கள் தலைக்கு மேலே இருக்கிற மனுசி.

மேசையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இனி எனக்கு எழுத வேண்டாம்.

தயாநிதி


சோலோதுர்ன்
24.11.1987

தம்பி தயாநிதி,

எழுத வேண்டாம் என்றாய், எழுதாமல்தான் இருந்தேன். இப்போது வெள்ளம் கழுத்துக்கு வந்துவிட்டது.

நீ கோபம் ஆறி வருவாய் என்ற நம்பிக்கையில் நான் அந்த மேசையைப் போட்டுவைத்தேன். யன்னலடியில்தான். நீ எழுதின கதைக்குப் பிறகும் ஏன் போட்டாய் என்று கேட்பாய். அது எழுபது எண்பது வருடத்துக்கு முந்தின வெள்ளைக்காரர் கதை, எங்களுக்கும் அதற்கும் என்ன என்று நினைத்துவிட்டேன். நேற்று பீரி அம்மா இறங்கி வந்தவ, மேசையைப் பார்த்தா, யன்னலைப் பார்த்தா. "இது யாருக்கு?" என்றா. எனக்குத் தெரிந்த அரைகுறை டொச்சில் "தயாநிதிக்கு" என்றேன். மனுசி அப்படியே அரிசி மூட்டையின் மேல் இருந்துவிட்டா. நெஞ்சுவலியாக்கும் என்று தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். தண்ணீரை வாங்கவில்லை.

எழும்பி, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, எனக்கு விளங்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னா. "தராசில் நின்ற மனிதன் ஏன் போனான் என்று அவனே எனக்குச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் புதுவருடத்தோடு அறையைப் பூட்டுவேன்."

தம்பி, உன் கோபம் என்னோடு. கடை என்ன பாவம் செய்தது? வெளியில் பனி கொட்டத் தொடங்கிவிட்டது. உனக்குத் தூள் வாங்கின சிவகலாவை நினைத்துப் பார். அவளுடைய புருசனுக்கு வேலை போய்விட்டது. இந்தக் கடை இல்லாவிட்டால் அவள் குழந்தையையும் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்?

நீ இரண்டு வரி எழுதினால் போதும். வேலை கூடிவிட்டது, அதனால் வரமுடியவில்லை என்று. அது பொய்யும் இல்லையே, உனக்கு வேலை கூடத்தானே? நீ என்ன கேட்டாலும் செய்கிறேன். என் பிள்ளைகள் மேல் ஆணை.

குணசேகரம்


லுசேர்ண்
30.11.1987

அண்ணைக்கு,

பிள்ளைகள் மேல் ஆணையிடாதீர்கள். அதுகள் பாவம், ஊரில் இருக்கிறதுகள்.

பீரி அம்மாவுக்கு எழுதின கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை, நீங்கள் யாரையாவது கொண்டு வாசிப்பிக்கலாம். 'எனக்கு இங்கே வேலை கூட. தராசு சரியாகத்தான் இருக்கிறது.' இரண்டு வரிதான். 'அதனால் வரமுடியவில்லை' என்று நீங்கள் கேட்ட பொய்யை எழுதவில்லை, நடந்ததையும் எழுதவில்லை. சிவகலா அக்காவுக்காக எழுதினேன், உங்களுக்காக இல்லை.

என்ன கேட்டாலும் செய்வேன் என்றீர்கள். கேட்கிறேன்.

பொங்கலுக்குப் பிறகு வருகிற ஆண்டுக் கூட்டத்தில், எல்லோரும் இருக்கும்போது, நீங்கள் எழும்பி நின்று ஒரு வசனம் சொல்லவேண்டும். "தயாநிதியைத் தராசிலிருந்து எடுத்தது சாதி பார்த்து." அவ்வளவுதான். யார் பார்த்தது என்று பெயர் சொல்ல வேண்டாம். மன்னிப்புக் கேட்க வேண்டாம். என்னைத் திரும்பக் கூப்பிடவும் வேண்டாம். நான் வரமாட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அண்ணை, இவ்வளவும் நடந்தும் அந்தச் சொல்லை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. அல்சர் என்றார்கள், முதுகு என்றார்கள், ஆமி என்றார்கள், மரியாதை என்றார்கள். சில நேரம் எனக்கே சந்தேகம் வருகிறது. நான்தான் இல்லாததை நினைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்து புழுங்குகிறேனோ என்று. ஒருதரம், ஒருவர், உரக்கச் சொன்னால் அது நடந்தது என்றாகிவிடும். எனக்கு அது போதும்.

தயாநிதி


சோலோதுர்ன்
19.01.1988

என் அன்புத் தம்பி தயாநிதிக்கு,

பிழைத்தோம்! பொங்கல் வாழ்த்தும் சேர்த்து ஏற்றுக்கொள்.

உன் கடிதம் கிடைத்த அன்றைக்கே பீரி அம்மா அதை இரண்டு தரம் வாசித்தா. "நான் தராசைப் பற்றிக் கேட்கவில்லையே" என்றா. எனக்கு அது சரியாக விளங்கவில்லை, வயசு போனவ, எதையோ மாறிச் சொல்லுகிறா. பிறகு என்னிடம் இருந்த கடைச் சாவியைக் கேட்டு வாங்கித் திருப்பித் தந்தா, ஆனால் என் கையில் இல்லை, சிவகலாவின் கையில். யாரிடம் இருந்தால் என்ன, கடை தப்பியது.

நேற்று ஆண்டுக் கூட்டம். உள்ளே நிற்க இடமில்லாத சனம். நான் சொன்ன சொல் மறக்கிறவன் இல்லை. எழும்பி நின்றேன். "தயாநிதியைப் பற்றி ஒரு விசயம் சொல்லவேணும்" என்று தொடங்கினேன். நீ கேட்ட வசனம் தொண்டைவரை வந்துவிட்டது, தம்பி, பொய் சொல்லவில்லை. பார்த்தால் முன்வரிசையில் வரதராசா பொங்கல் பானையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். கிழமைக்குக் கிழமை சாமான் ஏற்றத் தன்னுடைய வானையே தருகிறேன் என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். குழந்தைகளும் இருக்கிறார்கள். நல்ல நாள் பெருநாளில் அந்தச் சொல்லை எப்படி எடுப்பது?

அதனால் வேறு விதமாகச் சொன்னேன். "எங்கடை தயாநிதிக்கு லுசேர்ணிலை வேலை கூடிப்போச்சு. இந்தக் கடை தொடங்க அவர் பட்ட பாட்டை ஒருத்தரும் மறக்கக்கூடாது. அவருக்கு ஒரு கைதட்டு" என்றேன். தம்பி, நீ பார்த்திருக்கவேண்டும். கூரை அதிர்ந்தது. வரதராசாதான் எல்லோரிலும் பலமாகத் தட்டினார். "பெடியனைக் கௌரவ உறுப்பினர் ஆக்குவம்" என்று சொன்னதும் அவர்தான். ஒரு மனதாக நிறைவேறியது. சிவகலா மட்டும் குழந்தை அழுகிறது என்று எழும்பிப் போய்விட்டாள். குழந்தை அழுததாக எனக்குத் தெரியவில்லை.

நீ கேட்டதைவிட இது மேல் இல்லையா? நீ கேட்டது ஒரு குற்றச்சாட்டு. கிடைத்தது ஒரு மரியாதை.

கடையின் அன்பளிப்பாகத் தூள் ஒரு பார்சல் தனியாக அனுப்பியிருக்கிறேன். இந்த முறை கருகவில்லை, நல்ல பக்குவம். உன் ஹோட்டல் சாப்பாட்டில் நாக்குச் செத்துப் போயிருக்கும். சாப்பிட்டுவிட்டு எப்படி என்று எழுது.

என்றும் உன் அண்ணை
குணசேகரம்


லுசேர்ண்
25.01.1988

குணசேகரம் அண்ணைக்கு,

கைதட்டு வந்து சேர்ந்தது. கௌரவமும் வந்து சேர்ந்தது. கடைக்குள் வராதவரைக்கும் ஒருவனுக்கு உங்களிடம் எவ்வளவு கௌரவம்!

ஒரு வசனம்தான் கேட்டேன். நீங்கள் எனக்குத் தந்த மூட்டைகளைவிட அது பாரமாக இருந்ததோ?

இந்தத் திங்கள் நான் பீரி அம்மாவுக்கு இன்னொரு கடிதம் எழுதத் தொடங்கினேன். முழுவதையும் எழுத டொச் எனக்குத் தெரியும். எழுதி முடித்தால் நீங்கள் எல்லோரும் ரோட்டில். சிவகலா அக்காவும் ரோட்டில். கிழித்துவிட்டேன். உங்களுக்கு மனம் ஆறட்டும் என்று இதை எழுதவில்லை. என் கையில் அது இருந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும்.

பார்சலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பிரிக்கவில்லை, நூல்கூட அவிழ்க்கவில்லை. யார் கை பட்டது என்று தெரியாத தூளைச் சட்டியில் போடக்கூடாது என்பது உங்கள் கடையில் நின்று பழகினது. அதனால் ஒன்றை மட்டும் விசாரித்து எழுதுங்கள். பதிலைப் பார்த்துத்தான் வாங்குவதா விடுவதா என்று யோசிக்கவேண்டும்.

இதை வறுத்தவர் ஊரிலை எவடம்?

தயாநிதி